கூலன்ட் மாற்றிய பிறகு பைக் சூடேறுகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. என் 200 சிசி லிக்விட் கூல்டு பைக்கில் ஐந்து வருடமாகக் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) மாற்றவே இல்லை. ஞாயிறு காலை, இன்ஜின் நன்றாக ஆறியிருந்தபோது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, வாட்டர் பம்ப் அடியில் உள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றினேன். பச்சையாக வரவேண்டியது டீ டிகாஷன் நிறத்தில் வந்தது. விரலில் தேய்த்தால் நறநறவென்று துரு. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஓடவிட்டு, வடித்து, நான்கு தடவை அலசிய பிறகுதான் தெளிந்தது.

அப்புறம் தண்ணீர் கலக்கத் தேவையில்லாத ரெடிமிக்ஸ் கூலன்ட் ஊற்றினேன். இப்போது சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றாலே டெம்பரேச்சர் விளக்கு எரிகிறது. ஃபேன் சுற்றுகிறது, ஆனால் கூலன்ட் ரிசர்வ் டேங்கில் அளவு இம்மியும் குறையவில்லை. உள்ளே காற்று அடைத்திருக்கிறதா, இல்லை தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) துருவில் சிக்கியிருக்கிறதா? ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து, ஐடிலில் ஓடவிட்டால் காற்று முழுசாக வெளியேறுமா?

டிரெயின் போல்ட்டுக்குப் பழைய செம்பு வாஷரையே போட்டேன். அங்கே லேசாக ஈரம் தெரிகிறது. புதுசு போட்டே ஆகவேண்டுமா?

வடித்த பழைய கூலன்ட் கேனில் மூடி வைத்திருக்கிறேன். அது இனிக்கும் விஷம், தெருநாய் நக்கினால் செத்துப்போகும். சாக்கடையில் ஊற்ற மனசில்லை. நீங்கள் எங்கே கொடுக்கிறீர்கள்?