சினை மோலியை நேரே பெரிய தொட்டியில் விடலாமா?

சாட்ஸ்வர்த்_தொட்டி:
டர்பன் சாட்ஸ்வர்த்தில் 120 லிட்டர் தொட்டி, ஓட ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20. 26 டிகிரி, பிஎச் 7.0, ஜிஎச் (தண்ணீரின் கடினத்தன்மை) 4. உள்ளே 12 நியான் டெட்ரா, 6 கோரிடோராஸ், ஒரு ஏஞ்சல். கடையில் சினையான ஒரு கறுப்பு மோலி (முட்டையிடாமல் குட்டி போடும் மீன்), வயிறு பெட்டி மாதிரி சதுரமாக இருக்கிறது. வாங்கினால் நேரே இதில் விடலாமா, தனியாக வைக்க வேண்டுமா? குட்டிகள் பிழைக்க வேண்டும் என்பதுதான் ஆசை.

பாசித்தொட்டி:
நேரே விடுங்கள். சினை மீனை ஒருமுறைதான் இடம் மாற்ற வேண்டும். கடையிலிருந்து வாளி, வாளியிலிருந்து தொட்டி என்று இரண்டு முறை அலைக்கழித்தால் மஞ்சள்கருப் பை கரையாத குட்டிகளைக் குறைமாதத்தில் தள்ளிவிடும். அவை பிழைப்பது அரிது. ஒரு வருடம் ஓடிய ஃபில்டரை விடப் பத்திரமான இடம் வேறில்லை. ஒரு மூலையில் ஹார்ன்வோர்ட், ஜாவா மாஸ் செடிகளை அடர்த்தியாகப் போடுங்கள், மேலே மிதக்கும் செடி இருக்கட்டும், வெளிச்சத்தைக் குறையுங்கள். பை தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அவ்வளவுதான்.

ஸ்பாஞ்ச்:
பாசித்தொட்டி அண்ணா சொல்வதில் முதல் பாதி சரி, முடிவு தவறு. இடமாற்றம் ஒன்றுதான் இருக்க வேண்டும், ஆனால் அது பிரசவத் தொட்டிக்குப் போகட்டும். தனித்தொட்டியே பிரசவ அறை. குட்டி போட்டு நான்கு வாரம் கழித்துத் தாய் பெரிய தொட்டிக்குப் போகட்டும்.

காரணம் மலக்குடல் புழு. கமல்லானஸ் என்பார்கள். குட்டி போடும் மீன்களில் சர்வசாதாரணம். மலத்துவாரத்தில் சிவப்பு நூல் நீட்டிக்கொண்டிருக்கும், மீன் அசையாமல் நிற்கும்போதுதான் கண்ணில் படும். அந்தப் புழுவும் முட்டையிடாமல் உயிருள்ள குஞ்சுகளையே விடுகிறது. நடுவில் சைக்ளாப்ஸ் போன்ற நுண்ணிய நீருயிரி இல்லாமலே அடுத்த மீனுக்குப் போய்விடும். உங்கள் கோரிடோராஸ் தரையைக் கிண்டித் தின்னும் மீன், முதலில் மாட்டுவது அதுதான். வெள்ளைப்புள்ளி நோய் வந்தாலும் அதே சிக்கல். மோலிக்கு லிட்டருக்கு 2 கிராம் உப்பு ஒரு பொருட்டே அல்ல, கோரிக்கும் செடிகளுக்கும் அது கஷ்டம். 40 லிட்டர் தனித்தொட்டியில் 80 கிராம் உப்போடு முடிகிற வைத்தியத்தை 120 லிட்டரில் செய்ய முடியாது.

பாசித்தொட்டி:
ஸ்பாஞ்ச் தம்பி, நோய் பற்றி மறுப்பில்லை. ஆனால் எத்தனை பேர் வீட்டில் ஊறிய ஸ்பாஞ்ச், அதாவது அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா குடியேறிய ஃபில்டர் பஞ்சு, தயாராக இருக்கிறது? புது ஸ்பாஞ்சைப் புதுத் தண்ணீரில் போட்டு "தனிமைத் தொட்டி" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். மோலிக்காகக் கடினத் தண்ணீர் தயார் செய்தால் பிஎச் 8.2 வரை ஏறும். பிஎச் 7-ல் 26 டிகிரியில் மொத்த அமோனியாவில் 0.6 சதவீதம்தான் விஷ வடிவம். 8.2-ல் அது 9 சதவீதத்தைத் தொடும். அதாவது சோதனைக் குப்பியில் ஒரே நிறம் காட்டுகிற அமோனியா, பெரிய தொட்டியை விட அந்தச் சின்னத் தொட்டியில் ஏறக்குறைய 15 மடங்கு கொடியது. அதில் 40 குட்டியும் பிறந்தால்?

இன்னொன்று, குளிர்காலத்தில் மின்சாரம் போனால் 40 லிட்டர் எவ்வளவு சீக்கிரம் ஆறும் என்று யோசியுங்கள். டர்பனில் தாங்கும். ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) இரவில் தாங்காது.

ஸ்பாஞ்ச்:
அமோனியா கணக்கு சரி, ஏற்றுக்கொள்கிறேன். அதனால்தான் ஸ்பாஞ்சை மீன் வாங்குவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் முன்பே பெரிய தொட்டியில் ஓட விட வேண்டும். அவசரம் என்றால் பெரிய ஃபில்டரின் பழைய பஞ்சில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, காயவிடாமல், தொட்டித் தண்ணீரிலேயே எடுத்துப் போய்ச் சேர்க்கலாம். முதல் வாரம் தினமும் அமோனியா சோதனை, 0.25 காட்டினால் அன்றே பாதித் தண்ணீர் மாற்றம். மின்வெட்டுக்குப் பேட்டரி ஏர் பம்ப் போதும். ஸ்பாஞ்ச் ஃபில்டரின் நல்ல குணமே அதுதான், காற்றுக் குழாயை மாற்றிச் சொருகினால் பாக்டீரியா பிழைத்துக்கொள்ளும். கனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) மூன்று மணி நேரம் நின்றுபோனால் உள்ளே ஆக்ஸிஜன் தீர்ந்து, மின்சாரம் வந்ததும் அழுகல் தண்ணீரை மீன் மேல் கக்கும். சூட்டுக்கு 50 வாட் ஹீட்டர். மின்சாரம் இல்லாத நேரம் மட்டும் நாலாபுறமும் கம்பளி சுற்றுங்கள், மேல்பக்கம் திறந்திருக்கட்டும்.

ஜோபர்க்_குழாய்:
இருவரும் தண்ணீரைத் தொடவில்லை. ஜோபர்க் பக்கத்துக்குத் தண்ணீர் தரும் நிறுவனமான ராண்ட் வாட்டர் அனுப்பும் தண்ணீரில் குளோரமின் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது) இருக்கிறது. வாளியில் ஒரு நாள் வைத்தால் குளோரின் போகும், குளோரமின் போகாது. தயோசல்ஃபேட் (சாதாரணக் குளோரின் நீக்கி) மட்டும் போட்டால் குளோரின் பகுதி அடங்கும், அமோனியா மிச்சமாகும். புதுத் தனித்தொட்டியில் அதுவும் சேர்ந்துகொள்ளும். இந்தப் பக்கத்து ஆட்கள் அமோனியாவையும் கட்டிப்போடும் கண்டிஷனர்தான் வாங்க வேண்டும்.

கேட்டவர் டர்பன்காரர். அங்கே பிரச்சினை மென்தண்ணீர். ஜிஎச் 4 மோலிக்குப் போதாது. நின்ற இடத்திலேயே பாம்பு நெளிவது போல ஆடினால் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். 40 லிட்டர் தொட்டியை 4-லிருந்து 12-க்கு ஏற்றக் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் சுமார் 6 கிராம், எப்சம் உப்பு சுமார் 3.5 கிராம். கேஎச் (பிஎச்சை நிலையாக வைக்கும் கார்பனேட் அளவு) 4 டிகிரி ஏற்றச் சமையல் சோடா 5 கிராம். மூன்றையும் தனித்தனிக் குவளையில் கரைத்து, மீன் வருவதற்கு முந்தின நாளே ஊற்றிக் கலக்கிவிட வேண்டும்.

பெரிய தொட்டியில் நேரே விடுவது சரியில்லை என்பதற்கு இதுவே எனக்குப் போதுமான காரணம். நியானுக்கு 12 வேண்டாம், மோலிக்கு 4 ஆகாது. நீண்ட நாள் ஓட்டத்துக்கு ஜிஎச் 8 சமரசம். பண்ணையில் வளர்ந்த நியானும் கோரியும் அதில் வாழும். ஆனால் இரண்டு வாரமாவது எடுத்து மெல்ல ஏற்றுங்கள்.

சாட்ஸ்வர்த்_தொட்டி:
பையிலிருந்து எப்படி மாற்றுவது? ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விடச் சொல்கிறார்கள்.

பாசித்தொட்டி:
கடை பக்கத்தில் என்றால் சொட்டு தேவையில்லை. மூடிய பையை 15 நிமிடம் மிதக்கவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு கப் தொட்டித் தண்ணீர், அரை மணியில் வலையால் தூக்கி விடுங்கள். ஜோபர்க்கிலிருந்து ஆறேழு மணி நேரம் பயணம் செய்து வந்த பை என்றால் கதை வேறு. மூச்சுவிட்ட கரியமில வாயுவால் பைக்குள் பிஎச் இறங்கியிருக்கும், அதனால் அமோனியா கடிக்காமல் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அமோனியா விழித்துக்கொள்ளும். அந்தத் தண்ணீரில் ஒரு மணி நேரம் சொட்டுப் போடுவது மீனை விஷத்தில் ஊற வைப்பதுதான். சூட்டை மட்டும் சரிசெய்து உடனே மாற்ற வேண்டும்.

ஸ்பாஞ்ச்:
இதில் அண்ணாவோடு முழு உடன்பாடு. வலைப் பெட்டியில் தாயை அடைக்காதீர்கள், மோலி பெரிய மீன், முட்டி மோதிச் செதில் பெயரும். பெட்டி குட்டிகளுக்குத்தான்.

ஜோபர்க்_குழாய்:
ஒரு கேள்வி. வயிறு சதுரமான மீனை ஏன் வாங்க வேண்டும்? கறுப்பு மோலியில் சினைப் புள்ளி (மலத்துவாரம் அருகே தெரியும் கருமை) தெரியாது, நாள் கணிக்க முடியாது. சதுர வயிறு, மூலையில் ஒதுங்கல், ஹீட்டர் அருகே அசையாமல் நிற்பது மூன்றும் சேர்ந்தால் ஓரிரு நாள்தான். அந்த மீனை எந்தத் தொட்டிக்கும் தூக்காதீர்கள். கடைக்காரரிடம் முன்பணம் கொடுத்து, குட்டி போட்டபின் மெலிந்த வயிற்றோடு வாங்குங்கள். பெண் மோலி விந்தைப் பல மாதம் சேமித்து வைக்கும். ஆண் இல்லாமலே, சுமார் ஐந்து வாரத்தில் உங்கள் தண்ணீரிலேயே அடுத்த ஈற்று வரும்.

பாசித்தொட்டி:
இது நல்ல வழி. அப்படியென்றால் தனித்தொட்டிக்கு எதிரான என் வாதத்தில் பாதி போய்விடுகிறது. ஆனால் ஒன்றை விடமாட்டேன். பெரிய தொட்டியின் பழைய மீன்களுக்குப் பழகிப்போன கிருமி புது மீனைக் கொல்லும். நான்கு வாரம் தனியாக வைத்துவிட்டு ஒரே நாளில் இறக்கினால் பலன் பாதிதான்.

ஸ்பாஞ்ச்:
உண்மை. அதற்குக் கடைசி வாரம் தண்ணீர் மாற்றத்துக்குப் பெரிய தொட்டித் தண்ணீரையே தனித்தொட்டியில் ஊற்றுங்கள். கிருமியும் ஜிஎச்சும் சேர்ந்தே பழகும். எதிர்த் திசையில் ஒரு சொட்டும் போகக்கூடாது. வலை, குழாய், வாளி எல்லாம் தனித்தனி.

புழு கண்டால் பண்ணைக் கடையில் ஆடுகளுக்கு விற்கும் லெவமிசோல், வேறு மருந்து கலக்காதது, லிட்டருக்கு 2 மில்லிகிராம், இருட்டில் 24 மணி நேரம். பிறகு தரையை உறிஞ்சி எடுத்துப் பாதித் தண்ணீர் மாற்றம், மூன்று வாரத்தில் மறுமுறை. குட்டி போட்ட பிறகே செய்யுங்கள்.

பாசித்தொட்டி:
குட்டிகளுக்குப் பொடித்த ஃப்ளேக் தீவனமும் ஆர்டீமியாவும் (மிகச் சிறிய உப்புநீர் இறால்) நாளுக்கு நாலு வேளை, சிறிது சிறிதாக. ஏஞ்சல் வாய்க்குள் போகாத அளவு, அதாவது 2.5 சென்டிமீட்டராவது, வந்தபின் இறக்குங்கள். மிஞ்சுகிற குட்டிகளைக் கடைக்குக் கொடுங்கள், உம்லட்டுசானா ஆற்றில் விடாதீர்கள். குவாசுலு-நேட்டல் ஆறுகளில் கப்பி மீன் ஏற்கெனவே குடியேறிவிட்டது, இன்னொரு மீன் வேண்டாம்.

சாட்ஸ்வர்த்_தொட்டி:
ஸ்பாஞ்சை இன்று பெரிய தொட்டியில் போட்டுவிட்டேன். அது ஊறும் வரை மீன் கடையிலேயே இருக்கட்டும், முன்பணம் வாங்கிக்கொள்வார்களா என்று நாளை கேட்கிறேன். மோலிக்குப் பதில் பிளாட்டி மீன் என்றால் ஜிஎச் 8 போதுமா?

ஜோபர்க்_குழாய்:
போதும். உங்கள் தொட்டிக்கு மோலியை விடப் பிளாட்டியே பொருந்தும். வெளிர் நிறப் பிளாட்டியில் சினைப் புள்ளியும் தெளிவாகத் தெரியும்.