தரையில் நன்றாக இருக்கும் ஹெட்போன், விமானத்தில் மட்டும் அடிக்கிறது

இரைச்சல் நீக்கும் வசதியுள்ள என் புது ஹெட்போனில், விமானம் மேலேறும்போதும் இறங்கும்போதும் இடது பக்கம் மட்டும் ‘டப் டப்’ என்று அடிக்கிறது. பாட்டு ஓடாவிட்டாலும் அடிக்கிறது. இரைச்சல் நீக்கத்தை அணைத்தால் உடனே நின்றுவிடுகிறது. உயரே போய்ச் சீரானதும் தானாகவே அடங்குகிறது.

காதை முழுதாக மூடும் வகை, ப்ளூடூத் 5.3, 3.5 மி.மீ. ஒயர் இணைப்பும் உண்டு. சென்ற மாதம் வாங்கினேன், முதல் பயணத்திலிருந்தே இப்படித்தான். கச்சேரிப் பதிவுகள் கேட்பதற்கென்றே வாங்கியது. ஆலாபனைக்கு நடுவே ‘டப்’ என்று விழுந்தால், தாள வாத்தியக்காரர் அவசரப்பட்டுவிட்டார் என்று தோன்றுகிறது!

ரீசெட் செய்தேன். மென்பொருளைப் புதுப்பித்தேன். மைக் துளைகளை உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தேன். இடது, வலது மெத்தைகளை மாற்றிப் போட்டும் சத்தம் இடது பக்கமே வருகிறது. வேறு போன், ஒயர் இணைப்பு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அணிவது, எதுவும் பலிக்கவில்லை. சர்வீஸ் சென்டரில் சோதித்துவிட்டு ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்றார்கள். தரையில் நன்றாக இருப்பது எனக்கும் தெரியும்.

பறக்கும்போது கேபினுக்குள் காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அளவுக்குக் குறைகிறது. இடது காதை மூடும் கிண்ணத்தின் காற்றுத் துளை அடைத்திருப்பதால், இரைச்சல் நீக்கத்துக்காக உள்ளே இருக்கும் மைக் தடுமாறுகிறதோ என்பது என் சந்தேகம்.

இதே தொல்லையைச் சந்தித்தவர்கள் சொல்லுங்கள்: இது சரிசெய்யக்கூடியதா, அல்லது வாரண்டியில் மாற்றித் தரும்படி கேட்டுவிடலாமா?