"வெல்ஷ்" என்று சொல்வது திட்டா? வேர் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மழைக்கிளி:
சூரிச்சில் வேலை செய்கிறேன். எங்கள் அணியில் லோசானைச் சேர்ந்த ஒருவர் இருக்கிறார், தாய்மொழி பிரெஞ்சு. அவர் எழுந்து போனதும் மற்றவர்கள் "அவன் வெல்ஷ், அப்படித்தான்" என்று சிரிக்கிறார்கள். வெல்ஷ் என்றால் வேல்ஸ்காரர் இல்லையா? தேடினால் பழைய ஜெர்மனில் "அந்நியன்" என்று பொருள் என ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்நியன் என்றால் நானும்தானே? என்னை யாரும் வெல்ஷ் என்று சொல்வதில்லையே.

வேர்தேடி:
அந்த ஒற்றை வரியால்தான் குழப்பமே. எல்லா அந்நியர்களுக்குமான சொல்லாக அது இருந்ததில்லை. கிழக்கே இருந்த ஸ்லாவியர்களை ஜெர்மானியர்கள் "வெண்டன்" என்றார்கள். தெற்கிலும் மேற்கிலும் இருந்த கெல்ட்டியர் என்ற பழங்கால ஐரோப்பிய மக்களும், பிறகு ரோமானிய ஆட்சியில் லத்தீன் பேசியவர்களும்தான் "வல்ஹஸ்", வெல்ஷ் வந்தது இதிலிருந்துதான். பெரும்பாலான மொழியியலாளர்கள் இதை வோல்க்கே என்ற கெல்ட்டிய இனக்குழுவின் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள், சீசர் தன் கால்லியப் போர்க் குறிப்புகளில் சொல்கிறாரே, ஜெர்மனிப் பக்கம் இருந்த ஹெர்சீனியப் பெருங்காட்டை ஒட்டிய வளமான நிலத்தில் குடியேறியவர்கள் என்று, அவர்களேதான். ஒ எப்படி அ ஆனது, க எப்படி ஹ ஆனது என்று கேட்டால், லத்தீனில் எட்டு "ஒக்தோ", ஜெர்மனில் "அஹ்ட்", அதே மாற்றம்தான். ஆக அந்த ஒலிமாற்றம் நடப்பதற்கு முன்பே இந்தப் பெயர் ஜெர்மானியர் வாய்க்கு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு குழுவின் பெயர் ஊர்பட்ட பேருக்கும் ஆகிவிட்டது, நம் யவனர் மாதிரி.

நாடோடி_77:
அப்புறம் அது போன இடங்களைப் பாருங்கள். வேல்ஸ், கார்ன்வாலில் இருக்கும் "வால்", பெல்ஜியத்தின் வலோனியா, ருமேனியாவின் வலாக்கியா எல்லாம் ஒரே வேர். போலந்துக்காரர்களுக்கு இத்தாலியே "வ்வோஹி". பழைய ஆங்கிலத்தில் "வேயல்ஹ்" என்றால் அடிமை என்றும் பொருள் உண்டு, யார் யாரை வென்றார்கள் என்பது அதிலேயே தெரிகிறது. வேல்ஸ்காரர்கள் தங்கள் நாட்டை "கம்ரி" என்கிறார்கள், சக நாட்டவர் என்ற பொருளில் வருவது. வால்நட்கூட வெல்ஷ் கொட்டைதான்!

மழைக்கிளி:
சரி, வேர் புரிந்தது. ஆனால் திட்டா இல்லையா?

வேர்தேடி:
கிண்டல் ரொம்பப் பழையது. ஜெர்மனியின் காசல் நகரில் 9-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்று இருக்கிறது, லத்தீனும் பவேரிய ஜெர்மனும் பக்கத்துப் பக்கமாக எழுதிய சொற்கோவை. "என் முடியை வெட்டு, தாடியை மழி" என்று பயணிக்குத் தேவையான வாக்கியங்களாகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று "வல்ஹா முட்டாள்கள், பவேரியர் புத்திசாலிகள்" என்று ஒரு வரி. எழுதியவர் எந்த ஊர் என்று சொல்லவே வேண்டாம்.

அல்ப்ஸ்வாசி:
பெர்னில் நெடுங்காலமாக இருக்கிறேன், இங்கே அது சாதாரணச் சொல். பிரெஞ்சு பேசும் பகுதியையே "வெல்ஷ்லாண்ட்" என்பார்கள், பள்ளி முடித்த பிள்ளைகளை ஒரு வருடம் அங்கே அனுப்புவதற்கும் அந்தப் பெயர்தான். உங்கள் அலுவலகத்தில் கிண்டல் இருந்தது "அப்படித்தான்" என்ற சொல்லில், வெல்ஷில் இல்லை. ஆனால் ஜெர்மனியில் கவனம், 19-ஆம் நூற்றாண்டில் தேசியவாதிகள் பிரெஞ்சுக்காரர்களையும் இத்தாலியர்களையும் இளப்பமாகச் சொல்ல இதைத்தான் எடுத்தார்கள். புரியாத உளறலுக்கு இன்றும் "கவுடர்வெல்ஷ்", "கவுடர்" என்பது சுவிஸ் நகரமான கூர், அந்தப் பக்கத்து ரோமான்ஷ் என்ற லத்தீன் வழி மொழியைச் சொன்னது என்பதுதான் வழக்கமான விளக்கம். இத்தாலியில் ஜெர்மன் பேசும் தெற்கு டிரோல் பக்கம் போனால் இத்தாலிய மொழி பேசுபவரை "வால்ஷ்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அங்கே அது அசல் வசை.