பிரைட்னஸ் கூட்டினால் சேலை மடிப்பு மறைகிறது, என்ன செய்வது?

கேள்வி:
வணக்கம். எங்கள் அப்பத்தாவுக்கு இருப்பது ஒரே ஒரு படம். ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், வெளிறிப்போய்ச் சாம்பல் பூத்திருக்கிறது. ஸ்கேன் செய்து, போன் செயலி ஒன்றில் பிரைட்னஸை 60 கூட்டினேன். முகம் தெளிந்தது, வெள்ளைச் சேலையோ மடிப்பெல்லாம் போய்ச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. கான்ட்ராஸ்டைக் கூட்டினால் காதிலிருக்கும் பாம்படம் கழுத்து நிழலோடு கலந்துவிடுகிறது. சேமித்த படத்தில் பிரைட்னஸைக் குறைத்தும் பார்த்தேன், மடிப்பு திரும்பவில்லை. அடுத்த மாதம் திதி வருகிறது, அதற்குள் பிரின்ட் போட்டு மாட்ட வேண்டும்.

பதில்:
குறைத்தாலும் திரும்பாதுங்க. 8 பிட் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரை ஓர் எண். மடிப்பின் நிழல் 200, மேடு 230 என்று வையுங்கள். இரண்டோடும் 60 கூட்டினால் 260, 290. ஆனால் 255க்கு மேல் இடமில்லை, இரண்டும் 255 ஆகிவிடும். அப்புறம் 60 குறைத்தால் இரண்டும் 195. வித்தியாசம் போனது போனதுதான். கான்ட்ராஸ்ட் நடுச்சாம்பலிலிருந்து இரண்டு பக்கமும் இழுக்கும், அதனால்தான் பாம்படம் இருட்டுக்குள் போகிறது.

அந்தப் படத்தை விட்டுவிட்டு மூல ஸ்கேனை கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் திறந்து, நிறங்கள் மெனுவில் லெவல்ஸுக்குப் போங்கள். அங்கே ஹிஸ்டோகிராம், அதாவது எந்த எண்ணில் எத்தனை புள்ளிகள் என்று காட்டும் வரைபடம் இருக்கும். அதில் மேடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

கேட்டவர்:
70இல் தொடங்கி 235இல் முடிகிறது. இரண்டு ஓரமும் காலி.

பதில்:
படம் வெளிறித் தெரிவது அதனால்தான். வரைபடத்தின் அடியிலுள்ள கறுப்பு முக்கோணத்தை 70க்குச் சற்று முன்னாலும், வெள்ளையை 235க்குச் சற்றுப் பின்னாலும் நிறுத்துங்கள். முகத்துக்கு நடு முக்கோணத்தை இடப்பக்கம் மெதுவாக நகர்த்துங்கள், 1.2, 1.3 போதும். முனைகள் அசையாது, நடுச்சாயல் மட்டும் ஏறும்.

கேட்டவர்:
மடிப்பு ஒவ்வொன்றாக வந்துவிட்டது, சேலைக் கரைகூடத் தெரிகிறது! கன்னத்தில் மட்டும் படி படியாகத் திட்டு விழுகிறது.

இன்னொருவர்:
சுமார் 165 அளவுகளை 256க்கு நீட்டியிருக்கிறீர்கள், நடுவில் பல எண்கள் காலி, அதுதான் திட்டாகத் தெரிகிறது. ஸ்கேனரில் 16 பிட் வைத்து, ஜேபெக் வேண்டாம், டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். 65,536 அளவுகள் கிடைக்கும். கிம்ப் 2.10 முதல் அதை அப்படியே திருத்தலாம்.

கேட்டவர்:
சரியாகிவிட்டது, ரொம்ப நன்றி. உதட்டோரம் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது, அழுக்கென்று அழிக்கப் போனேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “அது மச்சம்டா, தொடாதே” என்றார்.