எல்லி கில்டன்: 18 வயதில் இங்கிலாந்து அணி, பிறகு ஏன் செவன்ஸ் போனார்?

கொற்கை_முத்து:
2025 மகளிர் ரக்பி உலகக் கோப்பை இறுதி ஆட்டம். ட்விக்கன்ஹாமில் 81,885 பேர். கனடா 5-0 என்று முந்திய சூட்டோடு, எட்டாவது நிமிடத்திலேயே இங்கிலாந்தின் எல்லி கில்டன் தடுக்க வந்தவர்களை வரிசையாக ஏமாற்றி ஓடி ட்ரை வைத்தார் (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது). முடிவு 33-13. அவரைப் பற்றித் தேடிப் படித்ததில் மூன்று சந்தேகங்கள்.

1. 2017 நவம்பரில், 18 வயதில், கனடாவுக்கு எதிராக நாட்டுக்காக முதல் ஆட்டம் ஆடியவர், அடுத்த ஆண்டே ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பக்கம் ஏன் போனார்? அது பின்னடைவா?
2. அவர் ஆடும் இடம் ஃபுல்பேக், அதாவது எல்லோருக்கும் பின்னால் நிற்கும் 15ஆம் எண். ஓடாத நேரத்தில் ஃபுல்பேக்குக்கு என்னதான் வேலை?
3. செப்டம்பர் 6 ஆஸ்திரேலியா ஆட்டத்தில் தலையில் அடி. ஸ்காட்லாந்துடன் கால் இறுதியில் இல்லை. 20ஆம் தேதி பிரான்ஸுடன் அரையிறுதியில் இரண்டு ட்ரை. இரண்டே வாரத்தில் ஆட விடுவது சரியா?

வரப்பு_மேடு:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன் நண்பரே. சம்பளம் எங்கே இருந்தது என்று பாருங்கள், பாதி விளங்கிவிடும். 2017 ஆகஸ்ட் உலகக் கோப்பைக்காக இங்கிலாந்து ரக்பி சங்கம் பதினைந்து பேர் ஆட்டத்துப் பெண்களுக்கு முழுநேர ஒப்பந்தம் கொடுத்திருந்தது. கோப்பை முடிந்ததும் அதைப் புதுப்பிக்கவில்லை. 28 பேருக்கு முழுநேர ஒப்பந்தம் மறுபடி வந்தது 2019 ஜனவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் ரக்பியை மட்டுமே நம்பி வாழ நினைத்த பெண்ணுக்குச் செவன்ஸ்தான் வழி. இதைத் தடுமாற்றம் என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும்.

ஆட்டத்துக்கும் அது நல்லதாகவே போயிற்று. இரண்டுக்கும் ஒரே மைதானம், அகலம் ஏறத்தாழ 70 மீட்டர். பதினைந்து பேர் ஆட்டத்தில் தடுப்பு வரிசையில் சுமார் 13 பேர் நிற்பதால் ஆளுக்கு ஐந்தரை மீட்டர்கூட வராது. செவன்ஸில் வரிசையில் ஆறு பேர், ஆளுக்குப் பன்னிரண்டு மீட்டர் காக்க வேண்டும். ஓடுகிறவருக்கு எதிராளி தனியாகச் சிக்குவார். கபடியில் பாடிப் போகிறவர் எதிராளியின் காலைப் பார்ப்பாரே, அதே மாதிரி தடுப்பாளரின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து எதிர்ப்பக்கம் வெட்ட வேண்டும். கில்டனின் ஓட்டத்தில் அந்தப் பழக்கம் அப்பட்டமாகத் தெரியும்.

திரும்பி வரும்போது சிக்கலும் உண்டு. செவன்ஸில் இடம் கிடைக்காவிட்டால் பின்னால் ஓடிப் பந்தைக் காப்பாற்றலாம். பதினைந்தில் அப்படிச் செய்தால், துணைக்கு ஆள் வந்து சேர்வதற்குள் தனியாக மாட்டிப் பந்தைப் பறிகொடுக்க நேரும். செவன்ஸில் எல்லையைக் குறிவைத்து நீளமாக உதைக்கும் வேலை மிகக் குறைவு, அதனால் உதை மங்கிவிடும். ஃபுல்பேக்குக்கு அது பெரிய குறை.

15ஆம்_எண்:
இரண்டாவது கேள்வி. மூன்றுமே முக்கியம், ஆனால் இதைத்தான் தொலைக்காட்சியில் காட்டவே மாட்டார்கள்.

பின்களத்தை இரண்டு விங்கும் (இரு ஓரங்களில் ஆடுபவர்கள்) ஃபுல்பேக்கும் கடிகாரப் பெண்டுலம் போலக் காப்பார்கள். எதிரணியின் பந்து நமக்கு வலப்பக்கம் போனால் வலது விங் முன் வரிசைக்கு ஏறுவார், அவர் விட்ட இடத்துக்கு ஃபுல்பேக் நகர்வார், இடது விங் பின்னால் இறங்குவார். ஒருவர் இரண்டு நொடி தாமதித்தாலும் அந்தக் காலி இடத்துக்கு உதை வரும். எதிரணி தன் பாதியிலிருந்து உதைத்த பந்து நம் 22 மீட்டர் பகுதிக்குள் (நம் கோல் கோட்டிலிருந்து 22 மீட்டர் வரை) தரையில் பட்டு வெளியே போனால், வெளியிலிருந்து பந்தை உள்ளே வீசும் உரிமையும் உதைத்தவருக்கே. அதனால் மூலைகளைத் திறந்து வைக்கவே முடியாது.

உயரப் பந்து பிடிப்பது தனிக் கலை. "என் பந்து" என்று முதலில் சத்தம். நின்ற இடத்தில் காத்திருக்காமல் ஓடி வந்து ஒற்றைக் காலில் எம்பி, மற்ற முழங்காலை முன்னால் உயர்த்தி, கைகள் கண்ணுக்கு மேலே, முழங்கைகள் நெருங்கி. உடம்பு பாதி பக்கவாட்டில் திரும்பியிருக்க வேண்டும். நேராக நின்று பிடித்துத் தவறினால் பந்து முன்னால் விழும், அது நாக்-ஆன் என்ற தவறு, ஸ்க்ரம் (இரு அணியும் தோள் முட்டித் தள்ளி ஆட்டத்தைத் தொடங்குவது) எதிரணிக்குப் போய்விடும். திரும்பி நின்றால் தவறினாலும் பின்னால் விழ வாய்ப்பு அதிகம், ஆட்டம் தொடரும். சொந்த 22க்குள் நேரடியாகப் பிடித்தால் "மார்க்" என்று கத்தி ஃப்ரீ கிக் வாங்கலாம்.

தாக்குதலில், ஆழத்திலிருந்து தாமதமாகக் கிளம்பி முழு வேகத்தில் பந்தைச் சந்திக்க வேண்டும். சீக்கிரம் கிளம்பினால் வேகத்தைக் குறைக்க நேரும், இல்லையென்றால் பாஸ் முன்னோக்கிப் போய்விடும், ரக்பியில் அது தவறு.

நீலத்துணி:
மூன்றாவது. மூளை அதிர்ச்சியோ என்று சந்தேகம் வந்தால் உடனே வெளியே அனுப்பி 12 நிமிடம் சோதிப்பார்கள்: சொற்களை நினைவில் வைத்துச் சொல்வது, எண்களைத் தலைகீழாகச் சொல்வது, ஒரே கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட நடப்பது. நினைவிழந்தாலோ தள்ளாடினாலோ சோதனையே கிடையாது, அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது. இரண்டாவது சோதனை ஆட்டம் முடிந்த மூன்று மணி நேரத்துக்குள். மூன்றாவது 36 முதல் 48 மணி நேரம் கழித்து, ஏனென்றால் சிலருக்கு அறிகுறி தாமதமாகத்தான் வரும். இந்த உலகக் கோப்பையில் பல்லுறைக்குள் உணர்கருவியும் விளக்கும் இருந்தன. பலத்த அதிர்வு பட்டால் சிவப்பாக மின்னும்.

பிறகு படிப்படியாக: ஓய்வு, மெதுவான உடற்பயிற்சி, ஓட்டம், மோதல் இல்லாத பயிற்சி, முழு மோதல் பயிற்சி, ஆட்டம். படிக்குப் படி குறைந்தது 24 மணி நேரம். அறிகுறி திரும்பினால் ஒரு படி கீழே. முன்பே மூளை அதிர்ச்சி ஏற்பட்டவர்கள் 12 நாளுக்கு முன் ஆட முடியாது. மற்றவர்களும் ஏழாம் நாளுக்கு முன் கிடையாது, அதுவும் அணியைச் சேராத நிபுணர் ஒப்புக்கொண்டால். 6க்கும் 20க்கும் இடையே 14 நாள், ஆகவே விதிப்படி சரிதான்.

இதைப் பார்த்துவிட்டுப் பள்ளி, கிளப் பிள்ளைகளுக்கு யாரும் இரண்டு வாரக் கணக்குப் போட வேண்டாம். தினமும் மருத்துவர் பார்க்கும் அணிகளுக்கான கணக்கு அது. இங்கிலாந்திலேயே கிளப் ஆட்டக்காரர்கள் 21 நாள் கழியாமல் போட்டியில் இறங்கக் கூடாது, 14 நாள் அறிகுறியே இல்லாமல் இருந்தால்தான் மோதல் பயிற்சி.

கொற்கை_முத்து:
மிக்க நன்றி. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் செவன்ஸும் ஆடி, அதே ஆண்டு உலகின் சிறந்த வீராங்கனை விருதையும் பதினைந்து பேர் ஆட்டத்துக்காக வாங்கியது இப்போதுதான் புரிகிறது. கூடுதலாக எந்த ஆட்டம் பார்க்கலாம்?

15ஆம்_எண்:
2022 உலகக் கோப்பை இறுதி, ஈடன் பார்க். இங்கிலாந்தை நியூசிலாந்து 34-31 என்று வென்ற ஆட்டம். மூன்றாவது நிமிடத்திலேயே கில்டன் ட்ரை வைத்துவிடுவார். 18ஆவது நிமிடத்தில் இங்கிலாந்துக்குச் சிவப்பு அட்டை. அதற்குப் பிறகு பந்தை விட்டுவிட்டு 15ஆம் எண்ணை மட்டும் பாருங்கள். 14 பேர் 70 மீட்டரைக் காக்கும்போது எங்கெல்லாம் ஓட வேண்டியிருக்கிறது என்று தெரியும்.