பென்சில்வேனியா மரக்கட்டை வீடு: 1841-க்கு முன் குடியிருந்தவர்களைத் தேட உதவி தேவை

நண்பர்களே, லங்காஸ்டர் கவுன்டியில் உள்ள பழைய மரக்கட்டை வீடு ஒன்றின் வரலாற்றைத் தொகுத்து வருகிறோம். இன்றைய உரிமையாளரில் தொடங்கி, வாங்கியவர் பெயர் அட்டவணை வழியே பின்னோக்கிப் போனால் 1841 வரை பத்திரங்கள் அறுபடாமல் கிடைக்கின்றன. அதற்கு முன் ஒன்றுமில்லை. நிலம் விற்கப்படாமல் வாரிசுக்குப் போயிருந்தால் பத்திரம் இல்லாமலே இருக்கலாம். அங்கே உயில்களையும் ஆர்ஃபன்ஸ் கோர்ட் (இறந்தவர்களின் சொத்து விவகாரங்களைக் கவனித்த நீதிமன்றம்) பாகப்பிரிவினை ஏடுகளையும்தான் பார்க்க வேண்டும். குடும்பம் ஜெர்மானியக் குடியேறிகள் என்பதால் சில தாள்கள் பழைய ஜெர்மன் கையெழுத்தில் உள்ளன. அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

1850-க்கு முந்தைய சென்சஸில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே வரும். மனைவி, பிள்ளைகள் வெறும் எண்ணிக்கைதான். அதனால் 1798 நேரடி வரிப் பட்டியல் (அமெரிக்கக் கூட்டாட்சி அரசு வீடு, நிலம் முதலியவற்றுக்கு விதித்த வரிக்கான பட்டியல்) எங்களுக்குப் பொக்கிஷம். வீட்டின் நீள அகலம், மாடி, ஜன்னல், கட்டிய பொருள் எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பட்டியலைப் புரட்டிப் பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.

தரைப்பலகையில் இருப்பவை வெட்டு ஆணிகள், அதாவது இரும்புத் தகட்டிலிருந்து எந்திரத்தால் வெட்டிய பழைய வகை ஆணிகள். பலகையைப் பிறகு மாற்றியிருக்கலாம் என்பதால் அதை வைத்து வீட்டின் வயதைச் சொல்ல முடியாது. மர வளையங்களின் வரிசையை, ஆண்டு தெரிந்த மரங்களின் வளையங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் பட்டைக்கு அடியிலுள்ள கடைசி வளையம் இருந்தால்தான் வெட்டிய ஆண்டு கிடைக்கும். கோடரியால் செதுக்கிய கட்டைகளில் அது போய்விடுகிறது. பரண் உத்தரங்களில் பட்டை ஒட்டியிருக்கிறது, ஆனால் இரண்டில், வேறு மரத்தை மாட்ட வெட்டிய, இந்த வீட்டின் அமைப்போடு பொருந்தாத பழைய குழிகள் தெரிகின்றன. வேறு கட்டடத்திலிருந்து வந்த மரமோ என்று சந்தேகம். எந்த உத்தரத்தில் துளையிட்டு மாதிரி எடுப்பது?