கலைச்சொல்: ரக்கூன் நோயைக் கடத்துகிறதா, தேக்குகிறதா?

அன்புள்ள குழுவினருக்கு,

ஒரு சிற்றிதழுக்காக ஜப்பானின் ரக்கூன்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் பத்தியில் வண்டி நின்றுவிட்டது. கொஞ்சம் தள்ளிவிடுங்கள்.

ரக்கூன் வட அமெரிக்க விலங்கு. 1977-இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒரு ரக்கூன் குட்டியை வைத்து அசைபடத் தொடர் ஓடியது. பிள்ளைகள் அடம்பிடிக்க, பெற்றோர் வாங்கிக் கொடுக்க, ரக்கூன்கள் கடல் கடந்து வந்து இறங்கின. குட்டியாக இருக்கும்வரை கொஞ்சல். வளர்ந்ததும் கடியும் பிறாண்டலும். சிலர் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள், சில தாமே தப்பின. இன்று சோளக்கொல்லையில் புகுகின்றன, பழைய கோயில்களின் கூரைக்குள் குட்டி போடுகின்றன. 2005-இல் நடைமுறைக்கு வந்த அயலினச் சட்டப்படி இப்போது வளர்க்கத் தடை.

இனி நோய். எஸ்.எஃப்.டி.எஸ். என்றொரு வைரஸ் காய்ச்சல். இரத்தத் தட்டுகள் சரியும், உயிரும் போகலாம். சீனாவில் முதலில் கண்டறிந்தார்கள். ஜப்பானில் முதல் நோயாளியைப் பற்றிய அறிவிப்பு 2013-இல் வந்தது. பெரும்பாலும் உண்ணிக்கடியால் வருகிறது. மேற்கு ஜப்பானில் பிடித்த ரக்கூன்கள் பலவற்றின் இரத்தத்தில் இந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் இருந்தது.

இதைத் தமிழில் எழுதினேன்: “ஆக்கிரமிப்பு ஊனுண்ணிகள், உண்ணிகளால் பரவும் நோய்களைப் பரப்புகின்றன.” வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஊனுண்ணியா உண்ணியா, பரவுகிறதா பரப்புகிறதா, எனக்கே தலை சுற்றுகிறது. உண்ணிக்கும் ரக்கூனுக்கும் ‘நோய்பரப்பி’ என்ற ஒரே சொல்லைப் போட்டால் படிப்பவர் யாரைப் பார்த்துப் பயப்படுவார்? ஆளுக்கொரு சொல் வேண்டும்.

திருச்சியிலிருந்து,
தவிக்கும் மொழிபெயர்ப்பாளர்

*

அம்மா, வணக்கம்.

முப்பது வருடம் கால்நடை மருத்துவம் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். உங்கள் தவிப்பு நியாயமானது. தவறான பெயரால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் 1957-இல் வெளிப்பட்ட காய்ச்சலுக்கு ‘குரங்குக் காய்ச்சல்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. பரப்புவது உண்ணி. குரங்கோ அந்த நோயில் செத்து விழுகிற பிராணி. காட்டில் குரங்கு செத்துக் கிடந்தால் அந்தப் பக்கம் போகாதே என்று நமக்கு எச்சரிக்கை கிடைக்கிறது. அதற்குக் கைம்மாறாகப் பழியை அதன் தலையில் கட்டியிருக்கிறோம்.

யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பிரித்துவிட்டால் சொல் தானாக வரும். உண்ணிக்கு முட்டை விட்டு வந்தபின் மூன்று பருவம். ஜப்பானில் இந்த வைரஸைச் சுமக்கிற உண்ணி ஒவ்வொரு பருவத்திலும் ஒரே ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் வேறொரு விலங்கின் மேல் ஏறி இரத்தம் குடிக்கும். முதல் குடியில் கிருமி உள்ளே போனால், அடுத்த குடியில் அடுத்த விலங்குக்கோ மனிதனுக்கோ இறங்கும். இங்கிருந்து அங்கே கொண்டுபோவது உண்ணி. பாடநூலில் இதற்கு ‘நோய்க்கடத்தி’ என்று இருக்கிறது. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

விலங்கின் வேலை வேறு. சில விலங்குகளின் உடம்பில் கிருமி தங்கி, புதிதாக வரும் உண்ணிகளுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தபடி இருக்கும். அந்த விலங்குக்கு ‘நோய்த்தேக்கி’ என்று வைக்கலாமா? இயற்பியலில் மின்கடத்தி, மின்தேக்கி இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன. ஒன்று ஓடவிடுகிறது, ஒன்று பிடித்து வைக்கிறது. பத்தாம் வகுப்பு படித்த எவருக்கும் நோய்க்கடத்தி, நோய்த்தேக்கி என்றால் விளக்கமே வேண்டாம்.

மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார், அவரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் லைம் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த உண்ணிகள் கூட்டம் கூட்டமாக மான்மேல் ஏறி இரத்தம் குடிக்கும். ஆனால் மானிடமிருந்து அந்த பாக்டீரியா உண்ணிக்குப் போவதில்லை. அதைக் கொடுப்பது முக்கியமாக வெள்ளைக்கால் சுண்டெலி. ஆக, சுண்டெலி தேக்கி, மான் தேக்கி அல்ல. ஆனாலும் மான் இல்லாவிட்டால் உண்ணிக்கு அவ்வளவு சாப்பாடு ஏது? மான் சோறு போடுகிறது, அவ்வளவுதான். பாலூட்டி என்கிறோமே, அதேபோல் ‘உண்ணியூட்டி’. (மலை ரயில் ஏறிப் போகிற ஊட்டி அல்ல.)

உங்கள் ரக்கூனுக்கு எந்தச் சொல் என்று கேட்டால், உண்ணியூட்டி என்று தயங்காமல் எழுதலாம். தேக்கி என்று எழுதும்போது மட்டும் கை கொஞ்சம் நிதானிக்க வேண்டும். எதிர்ப்பொருள் இருக்கிறது என்றால் அந்த உடம்பு ஒருகாலத்தில் வைரஸைச் சந்தித்திருக்கிறது என்றுதான் பொருள். இன்றைக்கும் உண்ணிக்கு அதைக் கொடுக்கிறதா என்பது தனிக் கேள்வி.

*

வணக்கம் டொக்டர் ஐயா, வணக்கம் அக்கா.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் உயிரியல் ஆசிரியை. ஐயா சொன்ன நோய்க்கடத்திக்கு எங்கள் பாடநூல்களில் ‘காவி’ என்று இருக்கிறது. காவுதல் என்றால் சுமந்து செல்லுதல். நாங்கள் இப்போதும் வீட்டில் தண்ணீர் வாளியைக் காவிக்கொண்டு வருகிறோம். கணிதத்திலும் காவிதான், நீங்கள் அங்கே திசையன் என்பது. தமிழ்நாட்டில் காவி என்றதும் வேட்டியின் நிறமும் அதற்கு மேலும் ஏதேதோ நினைவுக்கு வரும் என்று தெரியும், அதனால் வற்புறுத்த மாட்டேன். ஆனால் ‘கடத்தி’ என்ற சொல் எங்கள் காதில் தங்கம் கடத்துகிறவனைப் போல விழுகிறது.

ஐயாவின் ‘தேக்கி’ எனக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. ஒரேயொரு திருத்தம். தேக்கியாக இருக்கும் விலங்குக்குப் பெரும்பாலும் நோயே இராது. நன்றாக ஓடித் திரியும். அது தேக்குவது கிருமியை. ஆகவே ‘கிருமித்தேக்கி’ என்பதே சரி. கடத்தியையும் கிருமிக்கடத்தி என்று மாற்றினால் சோடி பொருந்தும்.

நான்காவதாக ஒரு வேலையும் இருக்கிறது ஐயா. உண்ணி தன் காலால் போகிற தூரம் சில மீற்றர்கள்தான். ரக்கூன் ஓர் இரவில் கிலோமீற்றர் கணக்கில் அலையும், உண்ணியும் கூடவே போகும். ஊருக்குள் உண்ணியைக் கொண்டுவந்து இறக்குவது அந்த நடைதான். இதற்காவது எங்கள் காவியைத் தாருங்களேன், ‘உண்ணிக்காவி’!

*

நண்பர்களே, நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் மொழிக்காரன், மருத்துவம் தெரியாது. இரண்டு விஷயம்.

ஒன்று, ‘ஆக்கிரமிப்பு’ என்றால் எனக்கு ஏரிக்கரையில் கட்டிய வீடுதான் தோன்றுகிறது. சிலர் ‘வந்தேறி’ என்று எழுதுகிறார்கள். தயவுசெய்து அது வேண்டாம். மனிதர்களை மனிதர்கள் ஏசப் பயன்படுத்துகிற சொல் அது. இந்த இடத்தில் பொருளும் தப்பு. ரக்கூன் தானாக வந்து ஏறவில்லை, காசு கொடுத்து இறக்குமதி செய்தோம். ‘அயலினம்’ போதும். கேடு செய்கிற அளவுக்குப் பெருகியதைச் சொல்ல வேண்டுமானால் ‘பெருகிய அயலினம்’. அழகாக இல்லைதான், ஆனால் பொய் சொல்லவில்லை.

இரண்டு, உண்ணிக்கு எட்டுக்கால், அதனால் ‘பூச்சிகளால் பரவும் நோய்’ என்ற பெயர் செல்லாது என்று முன்பொருமுறை இங்கே சண்டை நடந்தது. சிலந்தியை நாம் என்னவென்று கூப்பிடுகிறோம்? எட்டுக்கால் பூச்சி! வயிற்றுப் புழுவுக்குக் கொடுப்பதும் பூச்சி மருந்து. தமிழில் பூச்சி என்ற சொல்லுக்குக் கால் கணக்கு கிடையாது. கொசு, தெள்ளுப்பூச்சி, மணல் ஈ, உண்ணி நான்கையும் சேர்த்துப் பொதுமக்களுக்குச் சொல்ல ‘பூச்சிவழி நோய்’ என்பதே நல்ல சொல். கடத்தி, தேக்கி எல்லாம் உள்ளே, கட்டுரையின் நடுவில் வரட்டும்.

‘ஊனுண்ணி’யைப் பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை. ஊன் தின்றால் ஊனுண்ணி.

*

கால்நடை மருத்துவன் மறுபடியும் வந்திருக்கிறேன். ஊன் தின்றால் ஊனுண்ணி என்றீர்களே, அங்கேதான் இடிக்கிறது. ரக்கூன் சோளமும் பழமும் தின்கிறது. பாண்டா மூங்கில் தின்கிறது. ஆனாலும் விலங்கியல் வகைப்பாட்டில் இரண்டும் நாய், பூனையோடு ஒரே வரிசை. அந்த வரிசையின் பெயர் உணவைச் சொல்வதுபோல் இருந்தாலும் அது உண்மையில் வம்சத்தின் பெயர். கட்டுரையில் ‘நாய், பூனை வரிசை விலங்குகள்’ என்று எழுதிவிடுங்கள் அம்மா. நீளம்தான். ஆனால் ஊனுண்ணிக்கும் உண்ணிக்கும் நடக்கிற அடிதடி ஓயும்.

ஆசிரியை சொன்ன கிருமித்தேக்கியை ஏற்கிறேன், என் நோய்த்தேக்கியை வாபஸ் வாங்குகிறேன். உண்ணிக்காவியும் நல்ல சொல், வேலையும் உண்மையானது. ஆனால் நாம் பிரித்த வேலைகள் அவ்வளவு சுத்தமாகப் பிரிந்து நிற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஸ்.எஃப்.டி.எஸ். வைரஸ் தாய் உண்ணியிடமிருந்து முட்டைவழியாகக் குஞ்சுகளுக்குப் போவதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் உண்ணியே கடத்தியும் தேக்கியும். அப்புறம், ஜப்பானில் நோயுற்ற தெருப்பூனை கடித்து ஒரு பெண் இந்தக் காய்ச்சலில் இறந்ததாக 2017-இல் அரசு அறிவித்தது. நடுவில் உண்ணியே இல்லை. அங்கே பூனைக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? நான் ‘தொற்றிய விலங்கு’ என்று சாதாரணமாக எழுதிவிட்டுப் போவேன். எல்லாவற்றுக்கும் கலைச்சொல் தேட வேண்டியதில்லை.

*

ஐயா, டீச்சர், எல்லோருக்கும் நன்றி. பத்தி இப்படி ஆகியிருக்கிறது:

“ஜப்பானில் பெருகிய அயலினமான ரக்கூன் ஓர் உண்ணியூட்டி, ஊருக்குள் உண்ணியைக் கொண்டுவரும் உண்ணிக்காவியும்கூட. எஸ்.எஃப்.டி.எஸ். வைரஸை மனிதருக்குப் பெரும்பாலும் கொண்டுவந்து சேர்க்கும் கிருமிக்கடத்தி, உண்ணி. பல ரக்கூன்களின் உடலில் அந்த வைரஸ் புகுந்து போன தடயம் இருக்கிறது. அவை கிருமித்தேக்கிகளா என்பதைத் தடயத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.”

‘பரப்பு’ ஓரிடத்திலும் இல்லை. இதழாசிரியர் உண்ணியூட்டியை அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்தாமல் இருக்க ஓரத்தில் குறிப்பு எழுதி அனுப்புகிறேன்.

அடுத்த பத்தியில் ரக்கூன் நாய் வருகிறது. 1920-களின் இறுதியிலிருந்து 1950-கள் வரை சோவியத் ஒன்றியத்தின் மேற்குப் பகுதிகளில் ரோமத்துக்காக 9,000-க்கும் மேல் திறந்துவிட்டார்கள். அவை பின்லாந்து, போலந்து, ஜெர்மனி வரை போய்விட்டன. ஐரோப்பாவில் அயலினம். ஜப்பானிலோ அது மண்ணின் பிராணி, பெயர் தனுக்கி. நாய்க் குடும்பம்தான், ரக்கூனுக்கு நெருங்கிய உறவில்லை. முகத்தில் கருப்புப் பட்டை இருப்பதால் வந்த பெயர். இரண்டு விலங்கும் ஒரே பக்கத்தில் வந்தால் படிப்பவர் நிச்சயம் குழம்புவார். தமிழில் தனுக்கி என்றே எழுதிவிடலாமா? நாளை தனி இழை தொடங்குகிறேன்.